திறப்பு யார் கையில்?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் இக்காலத்தில் இருந்திருப்பார்களேயானால், இணையத்தளத்தை அமைத்துப் பார் என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. முதலிரண்டு காரியங்களிலும் நாம் ஒருவாறு கரையேறிவிட்டோம். மூன்றாவதிலேதான் தடுக்கி விழுந்தோம். விழுந்த கதையையும் எழுந்த கதையையும் சொல்லி வைத்தால், கடைக்கோ கழகத்துக்கோ பாடசாலைக்கோ தளம் ஒன்று அமைக்க எண்ணியிருக்கும் குடும்பத்தினருக்கும், அத்தொழிலையே கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கும் சிறிதளவேனும் பிரயோசனப்படும் என்பது எமது நம்பிக்கை.

வலிகாமத்திலே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எமது கிராமத்து வாசிகசாலை இருக்கிறது. பெரிய கட்டடம் அன்று. ஒரு மண்டபம், ஒரு விறாந்தை, இரண்டு நீண்ட மேசைகள், நாலைந்து வாங்குகள், அவ்வளவுதான். அதைக் கட்டிய மேசனாரைப் பற்றி ஊரிலே ஒரு கதை உண்டு. மாரி தொடங்குமுன் சுவர் எழும்பிவிட வேண்டும் என்று சங்கத்தார் அவசரப்படுத்தினார்களாம். அவரோ ஒரு கல்லையும் எடுத்து வைக்காமல், “வாசிக்க வருகிறவர்கள் எந்நேரம் வருவார்கள்? வெயில் எந்தப் பக்கம் விழும்? சாரல் எங்கிருந்து அடிக்கும்?” என்று மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். “இவர் கல் வைக்க வந்தவரா, கேள்வி கேட்க வந்தவரா?” என்று சங்கத்தார் சலித்துக்கொண்டார்களாம். ஆனால் எத்தனை மாரி பெய்தும் அந்த விறாந்தையிலே ஒரு பத்திரிகையும் நனைந்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது எமது ஊரும் ஓரிரவில் வெறுமையாயிற்று. கைக்குழந்தையையும் கிழவர் கிழவியரையும் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் வாசிகசாலை அலுமாரியைத் தூக்கிச் செல்ல இயலுமா? திரும்பி வந்தபோது சுவர் நின்றது, கூரை இல்லை. கூட்டக் குறிப்பேடுகள், ஆண்டு விழாப் படங்கள், ஆரம்பகாலத்துப் பத்திரிகைக் கட்டுகள் எவையும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்து சாம்பலானதை அறிந்த தலைமுறையினர் நாம். ஒரேயொரு பிரதியை நம்பியிருப்பது எத்துணை ஆபத்து என்பதை எமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நாம் படிக்கவில்லை என்பதே இக்கதை.

யுத்தம் 2009இல் முடிவுற்றது. 2011இல் வாசிகசாலையின் வைரவிழா நெருங்கியபோது, கடல் கடந்து வாழும் எம்மூரவர்களுக்கு எழுதினோம்: “உங்கள் பெட்டிகளிலே வாசிகசாலைப் படம் ஏதேனும் இருந்தால் அனுப்பி உதவுங்கள்.” கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றிலே ஒன்று, ரொறன்ரோவில் இருந்த மேசனாரின் மகளிடமிருந்து வந்தது. பாதி எழுந்த சுவருக்கு முன்னால், கையிலே தூக்குக்குண்டுடன் அந்த மனிதர் நின்றார். இடம்பெயர்ந்த நாளில் அவ்வம்மையார் சேலை மடிப்புக்குள் வைத்துக் காப்பாற்றிய படமாம் அது. பேரப்பிள்ளை கைத்தொலைபேசியால் அதைப் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான்.

படங்களை எங்கே வைப்பது? அலுமாரியை நம்ப இனி எவரும் ஆயத்தமாக இல்லை. இணையத்தளமே தகுந்த இடம் என்று செயற்குழுவில் தீர்மானமாயிற்று. அப்பொழுது காரியதரிசியாக இருந்தவர்கள் நாமே. “தொழில் தெரிந்த ஒருவரை அமர்த்தினால் என்ன?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “பந்தலுக்கே பணம் போதாது” என்று தனாதிகாரி கையை விரித்தார். இலண்டனிலே கல்வி கற்றுக்கொண்டிருந்த எமது மருமகன் இதைக் கேள்விப்பட்டு, “மாமா, ஒரு சதமும் வேண்டாம். ஒரு கிழமையில் நான் செய்து தருகிறேன்” என்றான். பந்தற்காரருக்குப் பணம் கொடுத்தோம். மருமகனுக்கு நன்றி கூறினோம். அரைக்காசுக்குக் கலியாணம், அதிலே கொஞ்சம் வாணவேடிக்கை என்பார்களே, அதுவே நடந்தது.

வாணவேடிக்கைக்குக் குறைவில்லை. விழா மேடையில் வெண்திரையிலே தளம் திறந்து வைக்கப்பட்டபோது மேலிருந்து மல்லிகைப் பூக்கள் உதிர்ந்தன. நாதஸ்வரம் தானாகவே ஒலித்தது. ‘வருக, வருக’ என்னும் எழுத்துக்கள் திரையின் குறுக்கே ஓடின. சபையோர் கரகோஷம் செய்தனர். வாசிகசாலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற சிறு செய்தி அத்தளத்தில் எங்கும் இல்லை என்பதை நாமும் கவனிக்கவில்லை, வேறெவரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாளே முறைப்பாடு வந்தது. கட்டுரைகள் யாவும் ‘பாமினி’ என்னும் எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியிலோ ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த வெறும் குழப்பம். மருமகன் கட்டுரைகளை எல்லாம் படங்களாக மாற்றி ஏற்றினான். கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது. ஆனால் தேடுபொறிக்கு எழுத்து வேண்டும். படத்தில் உள்ளதை அது அந்நாளில் வாசிக்கவில்லை. எம்மூர்ப் பெயரைத் தேடியவர்களுக்கு எமது தளம் அகப்படவேயில்லை.

இவையெல்லாம் சிறு குறைகள். பெரிய இடி 2015இல் விழுந்தது. ஒரு நாட் காலை தனாதிகாரி மூச்சு வாங்க ஓடி வந்து, “வாசிகசாலையிலே சூதாட்டம் நடக்கிறது!” என்றார். நாம் திடுக்கிட்டு வாசிகசாலைக்குப் போகப் புறப்பட்டோம். “அங்கேயல்ல, இங்கே” என்று கைத்தொலைபேசியை நீட்டினார். எமது தளத்தின் முகவரியிலே, எமக்குத் தெரியாத ஒரு பாஷையில், சூதாட்ட விளம்பரம் பளபளத்தது.

நடந்தது இதுதான். இணையத்தளத்தின் பெயரை எவரும் விலைக்கு வாங்கிவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் வாடகைக்குப் பெறுவது போலப் பெற்று, தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். எமது பெயர் மருமகனின் பெயரில், அவனுடைய மாணவகால மின்னஞ்சலில், அவனுடைய வங்கி அட்டையில் பதிவாகியிருந்தது. படிப்பு முடிந்தது, மின்னஞ்சலை அவன் பார்ப்பதில்லை, அட்டையும் காலாவதியாயிற்று. நினைவூட்டற் கடிதங்கள் ஆளில்லாத வீட்டின் வாசலிலே குவிந்தன. எமது பெயரைப் போன்ற பொதுப் பெயர்களுக்குத் தவணை தவறியபின் சிறிது அவகாசம் தருவார்கள். பெயரை நீக்கியபிறகும் மேலதிகக் கட்டணத்துடன் மீட்க 30 நாட்கள் உண்டு. அதுவும் கடந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்தியவர் எடுத்துக்கொள்ளலாம். எமக்குச் செய்தி எட்டியபோது பல மாதங்கள் கடந்திருந்தன.

பெயர் போனதைவிடப் படங்கள் போனதே எம்மை வருத்தியது. அனுப்பியவர்களுக்கெல்லாம் மீண்டும் எழுதினோம். பலர் மனங்கோணாமல் திரும்ப அனுப்பினர். ஆனால் மேசனாரின் மகள் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது அந்தப் படம் எங்கே போயிற்றோ, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பேரனின் பழைய தொலைபேசியும் இல்லை. அவன் அனுப்பிய மின்னஞ்சலோ, நாமே இடம் போதாதென்று அழித்தவற்றோடு போய்விட்டது.

மருமகன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் அன்பினால் ஒரு கிழமை உழைத்துத் தந்தான். நாம் பதிலுக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யாருடைய பெயரில் பதிந்தாய், பிரதி எங்கே இருக்கிறது, நீ வேலைக்குப் போனபின் யார் பார்ப்பது என்று கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். 1995இல் இழந்ததற்கு நாம் பொறுப்பல்லோம். இரண்டாம் முறை இழந்தது எமது அசட்டையால். அந்த நினைவு பல இரவுகள் எமது நித்திரையைக் கெடுத்தது.

2017இல் செயற்குழு மறுபடியும் கூடியது. இம்முறை தொழில் தெரிந்தவரையே அமர்த்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பணத்துக்கு முன்மொழிந்தவர் தனாதிகாரியே. மூவரைக் கண்டு பேசினோம். முதலாமவர் வேலை இன்னதென்று கேளாமலே தொலைபேசியில் விலை சொன்னார். இரண்டாமவர் அழகான பல தளங்களைக் காட்டி, “இவற்றிலே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்” என்றார். அவை யாவும் கடற்கரை விடுதிகளின் தளங்கள். மூன்றாமவர் யாழ்ப்பாண நகரிலே ஒரு கடைக்கு மேல்மாடியில் சிறிய கந்தோர் வைத்திருந்த இளம்பெண். அவர் எதையும் காட்டவில்லை. ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு, “சேர், இந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் யார்?” என்று கேட்டார்.

நாம் விழித்தோம். “எல்லாரும்தான், பிள்ளை” என்றோம்.

“எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை, சேர். யார் யார் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன தேடி வருவார்கள்? கணினியில் பார்ப்பார்களா, தொலைபேசியிலா? ஒரு வருடத்துக்குப் பிறகு இதிலே புதிய செய்தி போடுவது யார்?”

தனாதிகாரி எம் காதருகே குனிந்து, “இவர் தளம் செய்ய வந்தவரா, கேள்வி கேட்க வந்தவரா?” என்று முணுமுணுத்தார். எமக்குச் சட்டென்று மேசனாரின் நினைவு வந்தது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அக்கணமே தெளிந்தோம். எனினும் பட்ட அநுபவத்தால், அவரிடம் முன்னர் வேலை செய்வித்த இருவருடைய தொலைபேசி இலக்கங்களைக் கேட்டு வாங்கினோம். தளம் அழகாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்கவில்லை, “வேலை முடிந்து பணம் கொடுத்தபின் கூப்பிட்டால் வருவாரா?” என்று மட்டும் கேட்டோம். வருவார் என்று இருவரும் சொன்னார்கள்.

நிறத்தையும் பூவையும் காணும் ஆவலுடன் இருந்த எமக்கு முதலிரண்டு சந்திப்புகளிலும் ஏமாற்றமே. முதலில் எழுத்தைக் கொண்டு வாருங்கள் என்றார். வாசிகசாலை திறக்கும் நேரம், வரும் வழி, என்னென்ன பத்திரிகைகள் உண்டு, படங்களில் இருப்பவர் யார் யார், இவற்றை எழுதுவதற்கே எமக்கு ஒரு மாதம் சென்றது. பாமினியில் இருந்த பழைய கட்டுரைகளை அவர் ‘யுனிகோட்’ முறைக்கு மாற்றினார். அம்முறையில் தமிழ் எழுத்துக்களுக்கு 1991ஆம் ஆண்டிலிருந்தே தனி இடம் உண்டு; எந்த நாட்டுக் கருவியிலும் அகரம் அகரமாகவே தெரியும், தேடினாலும் அகப்படும். நாம் இருபது ஆண்டுகள் பிந்தியிருந்தோம் என்று வெட்கப்பட்டோம்.

பூக்கள் உதிராதா என்று ஒருமுறை கேட்டும் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டு ஒரு சங்கதி சொன்னார். உலகளாவிய வலை என்னும் இவ்வமைப்பை ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலே ரிம் பேர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் முன்மொழிந்தார். முதலாவது தளம் 1991இல் வெளிவந்தது. அதில் அலங்காரம் எதுவும் இல்லை. இது என்ன, எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் எழுத்தும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் இணைப்புகளும் மாத்திரமே. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி சேர்ன் அதை உலகத்தார் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. “வந்தவர் தேடியது கிடைத்தால் அதுதான் சேர் அழகு” என்று முடித்தார்.

அவருடைய தொழில் நுட்பத்தை நாம் உணர்ந்தது ஒரு பிற்பகலில். அரைகுறையாக நின்ற தளத்தைத் தம் தொலைபேசியில் திறந்து, 84 வயதான எமது போஷகரின் கையிலே கொடுத்து, “ஐயா, உங்கள் தமையனார் இருக்கிற படத்தை எடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். ஐயா தடுமாறினார். நாம் உதவி செய்ய எழுந்தபோது, “சொல்லிக் கொடுக்காதீர்கள் சேர்; வீட்டிலே அவருக்குச் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்” என்று தடுத்தார். மேல்மூலையிலே மூன்று சிறு கோடுகள் இருந்தன. அதைத் தொட்டால் விடயப் பட்டியல் விரியும். அது ஐயாவுக்கு எப்படித் தெரியும்? அடுத்த கிழமை அந்தக் கோடுகள் இருந்த இடத்தில் ‘படங்கள்’ என்ற சொல்லே தெளிவாக நின்றது. எழுத்தும் பருத்திருந்தது. தமிழிலே கொம்பும் சுழியும் விசிறியும் மேலும் கீழும் ஓடுவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதிலும் கூடுதலாக இடைவெளி விட வேண்டும் என்று விளக்கினார். படங்களின் பருமனையும் சுருக்கினார்; தொலைபேசிக்குப் பணம் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு பெரிய படமும் செலவல்லவா? இம்முறை ஐயா தமையனாரை அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார். கண்டபின் நெடுநேரம் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தையும் அவரே எழுதிக்கொண்டு வந்தார். வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளத்தக்க பகுதி இது. தளத்தின் பெயர் வாசிகசாலையின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். அதற்குரிய மின்னஞ்சல் தனியாளுடையதாக இல்லாமல் சங்கத்துக்கு உரியதாக இருந்து, இரு உத்தியோகத்தர்கள் அதைப் பார்க்க வேண்டும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். படங்களின் முழு அளவு மூலப்பிரதிகள் தளத்துக்கு வெளியே, இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, எந்த மாதம் என்பது எழுதப்பட வேண்டும். எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பதும் தெளிவாக வேண்டும். கூலி மூன்று தவணை: தொடக்கத்தில் ஒன்று, மாதிரியைக் கண்டபின் ஒன்று, திறப்புகள் யாவும் எமது கைக்கு வந்தபின் கடைசி. “சேர், நாளைக்கு என்னைப் பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் இதை அப்படியே கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்” என்றார். தம்மை விட்டு விலகும் வழியைத் தாமே காட்டித் தரும் தொழிலாளியை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பழைய பெயர் திரும்பவில்லை. இம்முறை இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னும் ஈற்றுடன் புதிய பெயர் எடுத்தோம். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் 2010ஆம் ஆண்டிலே அனுமதி கிடைத்திருக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். வைரவிழா மலரின் ஒரு பிரதியை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கிப் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும்படியும் ஆலோசனை கூறினார். வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கட்டும் என்பது அவர் கருத்து.

கடைசிச் சந்திப்பில் மேசனாரின் படத்தைப் பற்றிச் சொன்னோம். மீட்கலாம் என்ற எண்ணத்தினால் அன்று; மனப்பாரத்தினால். அவர் பழைய முகவரியைக் கேட்டார். அமெரிக்காவிலே 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் என்னும் தர்ம ஸ்தாபனம் உலகத்துத் தளங்களை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கிறது. 2001 முதல் எவரும் அதிலே தேடலாம். எல்லாம் அங்கே இருக்கும் என்பதில்லை. அவர் தேடினார். எமது பழைய தளத்தின் முகப்பு எழும்பிற்று. பூக்கள் உதிரவில்லை, நாதஸ்வரம் ஒலிக்கவில்லை. பெரிய படங்கள் எவையும் இல்லை. ஆனால் படவரிசையின் சிறு மாதிரிகள் சில தங்கியிருந்தன. அவற்றிலே ஒன்று, தபால் முத்திரையளவு, பாதி எழுந்த சுவரும் தூக்குக்குண்டும் ஒரு மனிதருமாக இருந்தது.

பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது. ஆகையால் அந்தச் சிறிய அளவிலேயே, தளத்தின் வரலாற்றுப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கீழே என்ன எழுதுவது என்று அப்பெண் கேட்டார். பெயரையும் ஊரையும் சொன்னோம். “இவர் என்ன செய்தவர்?” என்று கேட்டார். “உம்மைப் போல, கல் வைக்குமுன் கேள்வி கேட்டவர்” என்றோம். அவர் அதை எழுதவில்லை. ‘வாசிகசாலையைக் கட்டியவர்’ என்று எழுதினார். அதுவே சரி. பேரப்பிள்ளைகளுக்கு எழுதி அறிவித்தோம். தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியதாகப் பதில் வந்தது.

ஆண்டுகள் சென்றுவிட்டன. காரியதரிசிப் பதவியை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தபோது, குறிப்பேட்டோடு அந்த முத்திரையிட்ட உறையையும் கொடுத்தோம். மருமகனும் ஒருமுறை ஊருக்கு வந்து புதிய தளத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாய் இருக்கிறது மாமா, பூக்கள்தான் இல்லை” என்று சிரித்தான்.

தளம் அமைக்க எண்ணும் அன்பர்களுக்கு எமது சொல் இவ்வளவே. விலையைக் கேட்குமுன் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வேலை முடிந்த நாளில் அழகைப் பார்த்து மகிழுங்கள். ஆனால் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தபின் கடைசித் தவணையைக் கொடுங்கள். இத்தொழிலுக்கு வரவிருக்கும் மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று: உங்களிடம் வருகிறவர்கள் பக்கங்களை மாத்திரம் கொண்டு வருவதில்லை, சேலை மடிப்புக்குள் வைத்துக் காப்பாற்றியவற்றையும் கொண்டு வருகிறார்கள். அதை மனத்திற்கொண்டு கேள்வி கேளுங்கள்.